கற்கள் நடந்துபோன கோடை

"கல்லு ஒரு தடவ எடத்த விட்டுட்டுதுன்னா, அதுக்கப்புறம்..." என்று டாக்டர் வேதமாணிக்கம் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி ஒன்று சொல்வார். அதற்கப்புறம் என்ன என்பது அவர் மகன் மாசிலாமணிக்கு மறந்துபோயிருந்தது. "அதுக்கு ஊரே வழிதான்" என்று முடிவதுபோல அவனுக்கு ஒரு ஞாபகம். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் இருக்கிற அவன் அக்கா ஜெபக்கனியோ, "இல்லலே, அப்பா அப்படிச் சொல்லல, 'அதுக்கு மழையும் ஒண்ணு வெயிலும் ஒண்ணு'ன்னுல்லா சொல்லுவாங்க" என்று போனில் அடித்துப் பேசினாள். எப்படியிருந்தாலும், ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், சால்வே கழிமுகத்தின் சேற்றுக்கரையைப் பார்த்தபடி மழைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் கில்ஃபெர்ன் என்ற சிற்றூரில் கற்கள் நடக்கத் தொடங்கிய அந்தக் கோடையில், வாக்கியத்தின் பின்பாதியைத் தேடிக்கொண்டிருக்க ஒருவருக்கும் நேரமில்லை.

முதலில் கிளம்பியது இஷ்பெல் ஹானேயின் கோழிக்கூட்டுக் கல். ஊரின் பாழடைந்த மடாலயத்துக்கு வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள் இஷ்பெல்; கையோடு தேநீரும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் விற்பாள். ஒரு காலை, கோழிக்குத் தவிடு வைக்கப் போனவள், கூட்டுச் சுவரின் அடிவரிசையில் ஒரு கல் தண்ணீர்ப் பானை மாதிரி வேர்த்திருப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரிசையிலிருந்து வெளியே வந்து, கோழிகளைச் சுற்றிக்கொண்டு, சினைப்பசுவின் நடையில் தோட்டத்தைக் கடந்து, கதவருகே போய் நின்றது. இஷ்பெல் கதவைத் திறந்துவிட்டாள். அன்று மாலை சாம்பல் நாரை என்ற மதுவிடுதியில் எல்லோரும் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, கதவை ஏன் திறந்தாய் என்பதுதான். "பின்னே என்ன, அது சுவரேறிக் குதிக்கவா செய்யும்?" என்றாள் இஷ்பெல். அது நியாயம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு அடுத்த கோப்பைக்குச் சொன்னார்கள்.

கல் நேராக மடாலயத்துக்குப் போய், வடக்குச் சுவரில் தனக்கென்று இருந்த பொந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அது எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியும். துறவிகள் கலைந்துபோய், கூரை விழுந்து, மடாலயம் கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில், ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாகக் கல்லை எடுத்துப்போய்த்தான் வீடு கட்டினார்கள், பன்றிக்கொட்டில் கட்டினார்கள், ஓடைக்குப் பாலம் போட்டார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை வேறொரு புதிய கோயிலுக்குப் போய் நல்ல பிள்ளைகளாகப் பாட்டுப் பாடினார்கள். இதை யாரும் ஒளித்ததில்லை. ஆகவே கல் திரும்பிப் போனபோது, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஏணியை அவர்களே வந்து எடுத்துப்போனதுபோல, கொஞ்சம் கூச்சம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

அதன்பிறகு தினமும் ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒரு கல் வேர்த்தது. வேர்த்த கல்லின்மேல் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றுவது, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் "சரி, போய் வா" என்று ஒரு வார்த்தை சொல்வது, பிறகு பொந்தைச் செங்கல்லும் சாந்தும் வைத்து அடைப்பது என்று ஒரு முறை தானாகவே ஏற்பட்டுவிட்டது. சாலையில் கல் போனால் கார்கள் பசுவுக்கு நிற்பதுபோல நின்றன. பால்பண்ணைக்காரன் ராப் மெக்கி, தன் மாடுகள் கடக்கும் இடத்தில் வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையில் மாட்டின் படத்துக்குக் கீழே ஒரு சதுரம் வரைந்துவைத்தான். சாம்பல் நாரையின் பக்கச் சுவரில் கைநுழைகிற ஓட்டை விழுந்தபோது அதை அடைக்க வேண்டாம் என்று குடிகாரர்களே கேட்டுக்கொண்டார்கள், வெளியே புகைபிடிக்கப் போனவனுக்குக் கோப்பையை நீட்ட வசதியாக இருந்தது. தொன்மையான கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து, இடிபாட்டை அனுமதியில்லாமல் யாரும் செப்பனிடக் கூடாது என்று ஓர் அறிவிப்பை மடாலயச் சுவரில் ஒட்டினார். மறுவாரம் அந்த இடத்தில் இரண்டு வரிசைக் கல் வந்து உட்கார்ந்து, அறிவிப்பு சுவருக்குள் போய்விட்டது. அவரும் நல்ல மனிதர், தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இதிலெல்லாம் பிழைப்பில் அடி விழுந்தது மாசிலாமணிக்குத்தான். நாற்பத்தெட்டு வயதில், கல்யாணம் என்று ஒன்று நடந்து முடிந்தும் போய், சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கப்பல் கம்பெனி வேலையும் அலுத்துப்போனபின், இந்த ஊரில் டாக்டராக இருந்த அப்பாவின் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவன் அவன். வந்து ஒரு வேனை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களையும் கோட்டைகளையும் காட்டிக்கொண்டிருந்தான். அகழி சூழ்ந்த முக்கோணக் கோட்டை, செத்த புருஷனின் இதயத்தைத் தந்தப் பெட்டியில் வைத்துக் காலமெல்லாம் கூடவே கொண்டுதிரிந்த சீமாட்டியின் மடாலயம், தெருவெல்லாம் பழைய புத்தகக் கடையாக இருக்கும் ஊர், வெள்ளையடித்த மீனவர் வீடுகள், கடலோரத்தில் துறவி ஒருவர் தனியே போய் உட்கார்ந்திருந்த குகை என்று எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் கில்ஃபெர்ன் இடிபாட்டுக்குக் கூட்டிவந்து இஷ்பெலின் ஸ்கோன் வாங்கிக் கொடுப்பது அவன் வழக்கம். ஒருநாள் மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு மதுரைக் குடும்பம் வேனைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தது.

"என்ன சார், இடிஞ்ச கோயில்னு சொன்னீங்க, புதுசு மாதிரில்ல நிக்குது?"

"திரும்பி வந்துக்கிட்டு இருக்கு சார்."

"ஓ, ரெனவேஷனா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்களேன்."

"எப்ப சார் முடியும்? மறுபடி வரப்ப முழுசா இருக்குமா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அவன் கையில்தான் இருந்தது. அதனால் ஸ்கோனைச் சூடாகச் சாப்பிடச் சொன்னான்.

விஷயம் இதுதான். ஜூன் முடிவதற்குள் மேற்கு வாசலின் பெரிய வளைவு இரண்டு பக்கமிருந்தும் ஏறிவந்து, தலையோடு தலை முட்டுகிற இடத்தில் ஒரு ரொட்டிப் பெட்டி அளவு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. நடுக்கல் இல்லாமல் வளைவு நிற்காது என்பது எந்தக் கொத்தனுக்கும் தெரியும். ஆனால் இது நின்றது, கூட வரவேண்டியவனுக்காகப் பேருந்தைப் பிடித்துநிறுத்திக்கொண்டிருப்பவனைப்போல. வராத அந்த நடுக்கல் எங்கே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மேலே அகன்று கீழே குறுகி, முகத்தில் பழைய கல்தச்சன் ஒருவன் கொத்திய மீன் அடையாளத்தோடு, அது மாசிலாமணி வீட்டில் குளிர்காயும் கணப்பின் நெற்றியில் பதிந்திருந்தது.

மற்ற வீட்டுக் கற்கள் எடுத்துக்கொண்ட கற்கள். இது கொடுக்கப்பட்ட கல். கில்ஃபெர்னில் ஒரு வழக்கம் உண்டு: வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவரை ஊர் தன் ஆளாக ஏற்றுக்கொண்டால், ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டுக் கணப்பிலிருந்தே ஒரு கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கணப்பில் வைத்துப் பூசிவிட்டு வருவான். அதற்குப் பேச்சோ பாட்டோ கிடையாது, ஒரு கிளாஸ் விஸ்கி மட்டும். எடின்பரோவிலிருந்து வந்த வங்கி மேலாளர் ஒருவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்து அந்தக் கல் கிடைக்காமலே செத்துப்போனார். நாசரேத்துக்காரரான டாக்டர் வேதமாணிக்கத்துக்கும் முதலில் கிடைக்கவில்லை. பனி கொட்டிச் சாலை மூடிப்போன ஒரு குளிர்காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் மெக்கி வீட்டில் பிள்ளை குறுக்கே கிடந்து தாய் துடிக்கிறாள் என்று கேட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு பனியில் அவர் நடந்துபோய்ச் சேர்ந்தார். தாயும் பிழைத்தாள், பிறந்த பிள்ளையான ராப்பின் தங்கையும் பிழைத்தாள். பனி உருகியதும் ராப்பின் அப்பா ஒரு தள்ளுவண்டியில் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மாசிலாமணிக்கு அந்தக் கல் எதற்கு என்றால், அவனுக்கு அங்கே வேறொன்றும் இல்லை. மற்றவர்களுக்குக் கல் போனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதில் அவர்கள் பெயரே வரிசை வரிசையாகப் பாசிபிடித்து நிற்கிறது. அவன் அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் ஊர்திரும்பி நாசரேத்துக் கல்லறையில் படுத்திருந்தார்கள். அவனையே பத்து வயதில் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால் வெள்ளைக்காரத் துரை என்று கேலி செய்தார்கள், இங்கே வந்தால் சாம்பல் நாரையில் புதிதாக வந்த யாராவது, "நீங்க எந்த ஊர்?" என்பார்கள், "கில்ஃபெர்ன்" என்றால், "அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அப்போது விடுதிக்கார ஷீனா கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "அவன் வீட்டுல கல்லு இருக்குப்பா" என்பாள். அவ்வளவுதான், அதோடு பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவன் அத்தனை கடல் தாண்டி வந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

கணப்புக் கல் வேர்த்த அன்று காலை அவன் துணியெடுத்துத் துடைக்கவில்லை, போய் வா என்று சொல்லவுமில்லை. நெருப்பு மூட்டினான். சூட்டோடு இருக்கும் கல் நகராது என்பதை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். சாம்பல் நாரையின் அடுப்புக் கல் நாட்கணக்கில் வேர்த்துக்கொண்டே இருந்தது, ஷீனா அடுப்பைத் துப்புரவாக்க அணைத்த அன்றுதான் கிளம்பிப் போனது. ஆகவே மாசிலாமணி ஜூன் கடைசியில் மூட்டிய நெருப்பை ஜூலை முழுக்க அணையவிடவில்லை. வேனை ஓட்டிப்போகும்போதுகூடக் கணப்பில் பெரிய கட்டையாகப் போட்டுவிட்டுப் போனான். உட்கார்ந்தால் முழங்கால் வெந்தது, தூங்கினால் தலையணை நனைந்தது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பனியனோடு திரிந்தான்.

வளைவுக்கு மேலே ஏறவேண்டிய கற்களுக்கு இப்போது போக இடமில்லை. அவை கிளம்புவதை நிறுத்தவுமில்லை. வீடு வீடாகப் புறப்பட்டு வந்து, நேரே மாசிலாமணி வீட்டுக்கு முன்னால், கறவை நேரத்து மாடுகள் பண்ணைக் கதவில் மொய்ப்பதுபோலச் சந்து முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றன. ஊரிலிருந்து கரைச்சாலைக்குப் போக அந்தச் சந்து ஒன்றுதான் வழி. பாடகர் குழு ஒத்திகைக்குப் போகிறவர்கள் கல்லின்மேல் ஏறி இறங்கிப் போனார்கள். பால் ஏற்றும் லாரி திரும்பிப் போனது. ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்ல நாள் மாஸி," என்றார்கள், மாசிலாமணி என்பது அவர்கள் வாயில் அப்படித்தான் தங்கியிருந்தது. "மழை வரும்போல இருக்கே மாஸி," என்றார்கள். கற்களைப் பற்றி மட்டும் மூச்சில்லை.

கேட்டிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். கேட்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். ஜூலை மாதத்தில் அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து இரவும் பகலும் புகை போவதைப் பார்த்து, சாம்பல் நாரையில் அதைப் பற்றி நெடுநேரம் பேசி, அவன் வெயில் நாட்டுக்காரன், பாவம், குளிர் தாங்கமாட்டாமல் கிடக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். மறுநாள் காலை இஷ்பெல் ஒரு கூடை விறகோடு கல்லெல்லாம் தாண்டி வந்து கதவைத் தட்டினாள்.

"பிர்ச் மரம். நல்லா காஞ்சது. நின்னு எரியும்."

"இஷ்பெல், எதுக்கு இதெல்லாம்?"

"வெட்கப்படாதே. என் பெரியம்மா ஸ்பெயினுக்குப் போய் வந்ததுலேருந்து ஆகஸ்டுல கம்பளி போட்டுக்கிட்டா. உடம்புன்னா அப்படித்தான்." அவன் முகத்தைப் பார்த்தாள். "அடக்கடவுளே, வேர்த்துக் கொட்டுதே. காய்ச்சலா?"

"இல்ல."

"உங்க அப்பா இப்படித்தான், இல்ல இல்லன்னே சொல்லுவார்."

அடுத்தடுத்த நாளில் அடுப்பெரிக்கிற கரிமண் கட்டி வந்தது, இரண்டு மூட்டை நிலக்கரி வந்தது, ஷீனா கையால் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று வந்தது, வெந்நீர் ரப்பர் பை வந்தது. வழியை அடைத்துக்கொண்டிருந்த நெருப்புக்கு வழியில்லாதவர்களே விறகு சுமந்தார்கள். மாசிலாமணி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினான். எனக்குக் குளிரவில்லை என்று சொல்ல வாயெடுத்தால், அப்புறம் எதற்கு எரிக்கிறாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டிவரும். சொல்லாவிட்டாலோ அவன் வெயில் நாட்டுக்காரன் என்று ஆகிவிட்டது. கல்லைக் காப்பாற்றப் போய், எதற்காகக் கல்லோ அதையே அவன் கட்டைகட்டையாக எரித்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குப் போன் செய்தான்.

"விட்டுராதலே," என்றாள் ஜெபக்கனி. "அந்தக் கல்லுக்காவ அப்பா எத்தன வருஷம் காத்துக் கிடந்தாங்கன்னு தெரியுமா? நீ சின்னப் பய. எனக்குத் தெரியும்."

"ஊரே வழியில்லாம நிக்குக்கா."

"நிக்கட்டும். அவங்களுக்கென்ன, பாட்டன் பூட்டன்னு அங்கயே கெடக்கான். நமக்கு என்ன இருக்கு?"

"விறகு கொண்டாந்து குடுக்காங்க."

"யாரு?"

"அவங்கதான். எனக்குக் குளிருதுன்னு."

நாசரேத்துத் தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போவது கேட்டது. "கிறுக்குப் பயலுவ," என்றாள் ஜெபக்கனி, குரல் தொய்ந்துபோய். பிறகு, "சாப்டியாலே?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் லாரி வரவே முடியாமல் போனதால் ராப் மெக்கி தொட்டி நிறைந்த பாலை வயலில் திறந்துவிட்டான் என்று மாசிலாமணி கேள்விப்பட்டான். வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான், ஷீனா அதை மழைச் செய்திக்கும் கால்பந்துச் செய்திக்கும் நடுவில் சாதாரணமாகச் சொன்னாள். அவன் கணப்பில் இரண்டு கட்டையைப் போட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தான். ராபும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். மெக்கி வீட்டுச் சமையலறையில் கால் வைத்ததும் புகையில் கண்ணெரிந்தது.

"பால் விஷயம் கேட்டேன் ராப்."

"புல்லு நல்லா வரும்," என்றான் ராப். "உக்காரு. குளிருதா? நெருப்புப் பக்கம் உக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"என்ன சிரிப்பு?"

"ஜனவரி மாசம் அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் வந்த பய நீ. ஒனக்குக் குளிருதாம். இஷ்பெல் நம்புவா, நான் நம்புவனா?"

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. "அப்ப எதுக்கு ரெண்டு மூட்டை கரி கொண்டாந்து போட்ட?"

"எரிச்சுக்கிட்டு இருக்கியே. எரிக்கிறவனுக்குக் கரி வேணாமா?"

"வழிய விடுடான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"குடுத்த கல்லப் பத்தி எவனாவது கேப்பானா?" என்றான் ராப், மாட்டுக்கு எத்தனை கால் என்று யாரோ கேட்டுவிட்டதுபோல. கணப்பு குப்பென்று ஒரு வாய்ப் புகையைக் கக்கியது. இருவரும் இருமினார்கள். மாசிலாமணி குனிந்து பார்த்தான். கணப்பின் நெற்றியில், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு பொந்து, தலையைச் சாய்த்தால் உள்ளே கரிபிடித்த இருட்டு தெரிந்தது. அந்த வீட்டிலிருந்து நடந்துபோன மற்ற கற்களின் இடமெல்லாம் புதுச் செங்கல்லால் அழகாக அடைக்கப்பட்டிருந்தது. இது மட்டும் திறந்துகிடந்தது.

"இத ஏன் அடைக்கல?"

"எத?"

"புகையுதேடா."

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து புகையுது. எங்க அம்மா இதுலதான் இருமி இருமிக் கெடந்தா. இருமலுக்கு மருந்து யாருகிட்ட வாங்கினான்னு நெனைக்கிற? உங்க அப்பாகிட்டதான்." ராப் தொடையில் தட்டிச் சிரித்தான். "உங்க அப்பா ஒவ்வொரு தடவையும் வந்து பாத்துட்டு, 'இத அடைங்கய்யா, மருந்து மிச்சமாகும்'னு கத்துவார். எங்க அப்பா, 'டாக்டர், நீங்க உங்க வேலையப் பாருங்க'ன்னுடுவார்."

"அடைச்சா என்னவாம்?"

"குடுத்த எடத்த அடைச்சா, குடுத்ததுக்கு என்ன அடையாளம் இருக்கு? அப்புறம் அது பாட்டுக்குச் சுவரு, இது பாட்டுக்குச் சுவரு." அவன் எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே, "மத்ததெல்லாம் நடந்து போகுது. அந்த ஓட்டை எங்கயும் போகல, பாத்துக்க. நேத்துகூடப் பாத்தேன்," என்றான். "சர்க்கரை போடவா, வேணாமா?"

மாசிலாமணி சர்க்கரை போடச் சொன்னான். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். ராப்பின் தங்கை கிளாஸ்கோவில் வீடு வாங்கியிருப்பதைப் பற்றியும், இந்த வருஷம் புல்வெட்டுத் தள்ளிப்போவதைப் பற்றியும் பேசினார்கள்.

அவன் திரும்பி வந்தபோது சந்தில் கற்கள் முன்போலவே நின்றுகொண்டிருந்தன. சாரலில் நனைந்து, ஒன்றின்மேல் ஒன்று உரசாமல், வரிசைக்கு மரியாதை கொடுத்து நின்றன. அவற்றுக்கு நடுவில் வழிதேடித் தேடி, தள்ளுவண்டி நிறைய விறகோடு இஷ்பெல் ஹானே வந்துகொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய் வண்டியை வாங்கித் தள்ளினான்.

"காத்து வடக்கே திரும்பிடுச்சு மாஸி. ராத்திரிக்கு வேணும்னு கொண்டாந்தேன்."

"உள்ள வாங்க இஷ்பெல்."

"காலெல்லாம் சேறு."

"இருக்கட்டும், வாங்க."

அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் மேல்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் கொண்டுவந்த விறகைச் சுவரோரம் ஒவ்வொன்றாக அடுக்கினான். கொடியில் கிடந்த துணியை எடுத்து, வேர்த்திருந்த கல்லின் முகத்தை, மீனின் செதிலிலும் வாலிலும் அழுக்கில்லாமல் துடைத்தான். பிறகு தேநீருக்காக நிரப்பிவைத்திருந்த கெட்டிலைத் தூக்கி, கணப்பில் எரிந்துகொண்டிருந்த கட்டைகளின்மேல் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.